ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றை இன்ஜின் கொண்ட சிறிய விமானம் ஒன்று புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே கோளாறாகி வயலில் இறங்கியதைப் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. தலைப்பு "வயலில் விழுந்து நொறுங்கியது". உள்ளே படித்தால், விமானத்தில் இருந்த இரண்டு பேரும் தாங்களாகவே கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்திருக்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். கடைசிப் பத்தியில், ஓடுதளம் பின்னாலேயே இருந்தும் விமானி ஏன் திரும்பி வரவில்லை என்பது தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறிய விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன். அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல, மாதக்கணக்கில். கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அது ஒரு விமானியின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அவன் இன்ஜின் நிற்கும்போது "எல்லோரும் என்ன கேட்பார்கள்" என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலே போதும், கை தானாக ஓடுதளத்தின் பக்கம் திருப்பும். அப்படித் திருப்பிச் செத்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

ஏன் திரும்ப முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயிற்சிக்காக வெளியிட்ட பாடத்தில் ஒரு கணக்கு உண்டு, நான் ஒவ்வொரு மாணவருக்கும் அதைப் பலகையில் போட்டுக் காட்டுவேன். விமானம் புறப்பட்டு 300 அடி ஏறியிருக்கிறது, இன்ஜின் நிற்கிறது. என்ன நடந்தது என்று மூளைக்கு உறைக்கவே 4 விநாடி. வினாடிக்கு 3 டிகிரி வீதம் நிதானமாகத் திருப்பினால் முழுசாகப் பின்னால் பார்க்க ஒரு நிமிடம். ஆனால் பின்னால் பார்த்துவிட்டால் ஓடுதளம் எதிரே வந்துவிடாது. 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவின் ஆரம் 2,100 அடி என்பதால், திரும்பி முடிக்கும்போது ஓடுதளத்துக்கு 4,200 அடி பக்கவாட்டில் நிற்பீர்கள். அதை நோக்கிப் போக இன்னும் 45 டிகிரி திருப்ப வேண்டும். ஆக 225 டிகிரி, 75 விநாடி, முதலில் போன 4 விநாடியைச் சேர்த்தால் 79. நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கும் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 1,316 அடி போயிருக்கும். கையில் இருந்ததோ 300 அடி.

சரி, இன்னும் செங்குத்தாகச் சாய்த்து வேகமாகத் திருப்பினால் என்ன என்று கேட்கலாம். மாணவர்களும் கேட்பார்கள். அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. விமானத்தில் ஸ்டால் என்றால் கார் நின்றுபோவது போல இன்ஜின் நிற்பதல்ல. இறக்கையின் மேல் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோய், இறக்கை தூக்குகிற வேலையை விட்டுவிடுவது. நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானம், உயரத்தைத் தக்கவைக்க இழுத்துக்கொண்டே 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் கிட்டத்தட்ட 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும், 60 டிகிரி சாய்த்தால் 70 நாட்டிலேயே. இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்குகிற வேகமே 65. தரை வேகமாக மேலே வருகிற மாதிரி தெரியும், பயத்தில் கை ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கும், திருப்பம் போதவில்லை என்று கால் ரட்டரை, அதாவது வாலில் இருக்கும் சுக்கானை, அழுத்தும், ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் தலைகுப்புறச் சுழலும். 3,000 அடியில் அது நடந்தால் மீட்டுவிடலாம். 200 அடியில் மீட்க இடம் கிடையாது. வயலில் நேராக இறங்கியிருந்தால் கால் உடைந்திருக்கும், அவ்வளவுதான்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் வழக்கமாக எதிர்க்காற்றில்தான் புறப்படும். திரும்பி வந்தால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். 50 நாட்டில் தரையைத் தொடுகிறோம், காற்று 10 நாட் என்றால், எதிர்க்காற்றில் தரைவேகம் 40, பின்காற்றில் 60. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் மோதலின் ஆற்றல் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 60-க்கும் 40-க்கும் இடையே அது இரண்டேகால் மடங்கு.

ஒரு பெரிய விமானத்தின் உதாரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்கிறேன். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் சக்தி இழந்த ஏர்பஸ் ஏ320-ஐ ஹட்சன் ஆற்றில் இறக்கினார் கேப்டன் சல்லன்பெர்கர். 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு விசாரணையில் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தபோது, பறவை மோதிய அந்தக் கணமே திரும்பியவர்களில் சிலர் ஓடுதளத்தைப் பிடித்தார்கள். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்குத் தேவைப்படும் நேரமாக 35 விநாடியைச் சேர்த்ததும் விமானம் ஓடுதளத்தை எட்டவில்லை, மோதியது. "ஏன் திரும்பவில்லை" என்ற கேள்வியில் எப்போதும் விட்டுப்போவது அந்த விநாடிகள்தான். நடக்கப்போவது என்னவென்று முன்கூட்டியே தெரிந்தவன்தான் உடனே திரும்ப முடியும்.

அப்புறம் என் கதை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

விமானம் செஸ்னா 172. இன்ஜின் பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலக்கிற பழைய வகை, நாலு சிலிண்டர். இடது இருக்கையில் மாணவர், இருபது மணி நேரத்துக்கும் குறைவான அனுபவம். தரையிலிருந்து 2,500 அடியில் விமான நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், இன்னும் 7 கடல் மைல் இருந்தது. திடீரென்று "டக்" என்று ஒரு சத்தம், உடனே முழு விமானமும் குலுங்க ஆரம்பித்தது. சாதாரண அதிர்வு இல்லை அது. முன்னாலிருந்த மீட்டர்களின் எழுத்தைப் படிக்க முடியவில்லை, திசைகாட்டிக்குள் இருக்கும் திரவம் நுரை கட்டிக்கொண்டு ஆடியது, மாணவரின் தொடைமேல் இருந்த பேனா நழுவிக் கீழே விழுந்து பெடல்களுக்கு நடுவே உருண்டது. நிமிடத்துக்கு 2,400-இல் இருந்த இன்ஜின் சுற்று 1,900-க்கு இறங்கி அங்கேயே நடுங்கியது.

மாணவர் என்னைப் பார்த்தார். "சார், நான் எதையாவது மாத்தி அமுக்கிட்டேனா?" என்றார். "இல்லப்பா, நீ ஒண்ணும் பண்ணல. ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை என் கைக்கு வாங்கிக்கொண்டேன். அவர் கையை எடுத்த விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல.

முதல் வேலை வேகம். மூக்கைச் சரிசெய்து 65 நாட்டுக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிற்கும்படி ட்ரிம் சக்கரத்தைச் சுற்றி வைத்தேன். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும், ரேடியோவுக்கும் முன்னால், செக்லிஸ்ட்டுக்கும் முன்னால். அந்த வேகத்தில்தான் விமானம் இன்ஜின் இல்லாமல் மிக அதிக தூரம் போகும். கூடினாலும் தூரம் குறையும், குறைந்தாலும் தூரம் குறையும். இன்னும் கொஞ்சம் எட்டிவிடலாமே என்று மூக்கைத் தூக்குகிறவன் தூரத்தை இழப்பதோடு ஸ்டாலுக்கும் பக்கத்தில் போகிறான். செஸ்னா 172 காற்றில்லாத நாளில் 1,000 அடி உயரத்துக்கு ஒன்றரை கடல் மைல் மிதக்கும். 2,500 அடி என்றால் மூன்றே முக்கால். நேரக்கணக்கில் பார்த்தால் மூன்று மூன்றரை நிமிடம்.

இரண்டாவது, இறங்க இடம். அதைப் பார்த்துவைத்த பிறகுதான் இன்ஜினைப் பற்றி யோசிப்பது. நான் பார்த்தபோது வலது பக்கம் ஒன்றரை மைலில் அறுவடை முடிந்த நீளமான வயல் ஒன்று கிடந்தது.

அப்புறம்தான் கை வேலைகள். கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடுகிற கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுத்தேன். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமானிகளிலேயே பலருக்கு இது பிடிபடுவதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் பாயும்போதும் வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். அதனால் வெளியே நல்ல வெயில் நாளாக இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே ஐஸ் கட்டும். ஹீட்டை இழுத்ததும் ஐஸ் உருகி அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் போவதால் முதலில் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய் ஹீட்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது. தள்ளாமல் பொறுத்திருக்க வேண்டும். என் விஷயத்தில் பொறுத்தும் மாற்றம் இல்லை. எரிபொருள் தேர்வுக் குமிழ் இரண்டு டாங்க்கிலும் இருந்தது, பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் முழுசாக உள்ளே, தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், குலுக்கல் அதே குலுக்கல். ஆயில் அழுத்தம் இன்னும் பச்சையில் இருந்தது.

இப்போதுதான் உண்மையான சோதனை வந்தது. இன்ஜின் முழுசாக நின்றிருந்தால் எனக்கு வேலை எளிது, வயலுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அது நிற்கவில்லை. குலுங்கிக்கொண்டே கொஞ்சம் சக்தி கொடுத்துக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு 200 அடிதான் இறங்கிக்கொண்டிருந்தோம். மனதுக்குள் கணக்கு ஓடியது. 7 மைல், ஆறரை நிமிடம், 1,300 அடி போகும், 1,200 அடி மிச்சம் இருக்கும்போதே விமான நிலையத்துக்கு மேல் இருப்போம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் ஒரே ஓட்டைதான்: இன்ஜின் இப்படியே ஓடும் என்று நானாக நினைத்துக்கொண்டது. எனக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே இரண்டாவது மைலிலிருந்து வீடுகள் தொடங்கின, நடுவில் உயர் மின்கம்பிகள் போயின. வழி முழுக்க வயல்களாக இருந்திருந்தால் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன், ஒவ்வொரு கணமும் கீழே ஒரு வயல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி. வீடுகளுக்கு மேல், செத்துக்கொண்டிருக்கும் இன்ஜினோடு, இருபது வயதுப் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

புறப்படும்போதும் உடனே அதன் பிறகும் ஒற்றை இன்ஜின் விமானங்களில் இன்ஜின் முழுசாக நிற்பதைவிட இப்படிப் பாதிச் சக்தி போவது மூன்று மடங்கு அதிகம் நேர வாய்ப்புள்ளது என்று ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. ஆனால் பயிற்சியில் என்ன செய்கிறோம்? பயிற்றுநர் இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுசாக மூடிவிட்டு "இன்ஜின் போச்சு" என்பார். பாதி போனதாகப் பெரும்பாலும் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. அதனால் அது நிஜத்தில் வரும்போது முடிவெடுக்கிற பழக்கம் நம்மிடம் இருப்பதில்லை. என் மாணவர்களுக்கு இப்போது நான் அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்: சுற்று 1,900-இல் நிற்கும், என்ன செய்வாய் சொல் என்று.

வயலுக்குத் திருப்பினேன். ரேடியோவில் மூன்று தடவை மேடே சொன்னேன், எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், எந்த வயலில் இறங்கப்போகிறோம் என்று சொன்னேன், ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரை அவசர எண்ணான 7700-க்கு மாற்றச் சொல்லி மாணவருக்கு வேலை கொடுத்தேன். பயத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு வேலை கொடுப்பது மிகவும் நல்லது. மேடே என்ற சொல் "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; 1920-களில் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு கொண்டுவந்தது. அதைச் சொல்லக் கூச்சப்படுகிற விமானிகள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? "கொஞ்சம் இன்ஜின் பிரச்சினை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பார்கள். அப்படிச் சொன்னால் கோபுரத்தில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. மேடே என்று சொல்லிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, ரத்து செய்துவிடலாம்.

வயலை நெருங்க நெருங்கத்தான் அது என்ன வயல் என்று தெரியும். 2,000 அடியிலிருந்து பார்த்தால் எல்லா வயலும் மேசை மாதிரிதான் இருக்கும். 800 அடியில்தான் நடுவில் ஒரு கோடு கண்ணில் பட்டது, நீர் ஓடுகிற வாய்க்கால் மாதிரி. கம்பிகளையும் அப்போதுதான் தேட வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஓரத்தில் வரிசையாக நாலு கம்பங்கள், அவற்றுக்கு நடுவே கம்பி கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேலாக வரும்படி வழியை மாற்றினேன். காற்று எந்தப் பக்கம் என்பதற்குத் தூரத்தில் எழுந்த புகை சாட்சி. உழுத சால்களுக்குக் குறுக்கே இறங்கக்கூடாது, சாலோடு ஒட்டித்தான் இறங்க வேண்டும், காற்று கொஞ்சம் பக்கவாட்டில் அடித்தாலும் பரவாயில்லை.

இனி வயலை எட்டிவிடலாம் என்று உறுதியானதும் இன்ஜினை நானே நிறுத்தினேன். மிக்ஸ்சரை வெளியே இழுத்தேன், எரிபொருளை மூடினேன், மேக்னெட்டோவை அணைத்தேன். ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினாய் என்றும் கேட்டார்கள். பாதிச் சக்தியில் இருக்கும் இன்ஜின் கடைசி நேரத்தில் திடீரென்று உயிர் பெற்றாலும் ஆபத்து, திடீரென்று நின்றாலும் ஆபத்து. நான் போட்ட கணக்கு இரண்டிலும் கெட்டுவிடும். தவிர, மோதலுக்குப் பிறகு வருகிற தீயைவிடப் பயங்கரமானது வேறில்லை. மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃப்ளாப்பை முழுசாக இறக்கிய பிறகு மாஸ்டர் சுவிட்சையும் அணைத்தேன், இந்த விமானத்தில் ஃப்ளாப் மின்சாரத்தில் இறங்குவது, முதலில் அணைத்துவிட்டால் இறங்காது. "கதவைத் திறந்து வை, பெல்ட்டை நல்லா இழுத்துக் கட்டு" என்றேன். கதவைத் தாழ்ப்பாள் விடுவித்து வைப்பது ஏனென்றால், இறங்கும்போது கதவுச் சட்டம் நெளிந்துவிட்டால் மூடிய கதவு திறக்காது.

குலுக்கல் நின்றுபோனது. காற்று இறக்கைத் தண்டுகளில் உரசுகிற சத்தம் மட்டும். அந்த அமைதி எனக்கு இன்னமும் கனவில் வரும்.

முடிந்த வரை மெதுவாக, மூக்கைத் தூக்கி, பின்சக்கரங்கள் முதலில் படும்படி தொட்டோம். வயலில் நின்ற தாள்கள் விமானத்தின் அடிவயிற்றில் சடசடவென்று அடித்தன. வேகம் நன்றாகக் குறைந்திருந்தது. வாய்க்கால் வந்தது. மூக்குச் சக்கரம் அதில் இறங்கி மடங்கியது, ப்ரொப்பெல்லர் மண்ணில் குத்தி வளைந்தது, பெல்ட் தோளில் இறுக்கிப் பிடித்தது, நின்றுவிட்டோம். மாணவர் இறங்கி இருபதடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார். தோளில் பெல்ட்டின் தடம் அவருக்கு ஒரு வாரம் இருந்தது. வேறு காயமில்லை.

இன்ஜினைப் பிரித்தபோது ஒரு சிலிண்டரில் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு சிக்கிக்கொண்டு, அதை இயக்கும் கம்பியான புஷ்ராடு வளைந்திருந்தது தெரிந்தது. இன்னும் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். இரண்டு நிமிடமும் ஓடியிருக்கலாம், இருபது நிமிடமும் ஓடியிருக்கலாம் என்றார். ஆக, விமான நிலையத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கவும் வாய்ப்பிருந்தது. அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுபடியும் அதே 2,500 அடியில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அதே வயலுக்குத்தான் திருப்புவேன். விமானத்தின் உரிமையாளர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, இன்ஜின் ஓடிக்கொண்டுதானே இருந்தது, ஏன் இங்கேயே வரவில்லை என்பது. மாணவருக்கு எப்படி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அவர் நல்ல மனிதர்தான், பிறகு வருத்தப்பட்டார். வந்த வேகத்தில் மனதில் எழும் கேள்வி அதுதான், உங்கள் செய்தியாளருக்கும் அதுதான் எழுந்திருக்கிறது.

நான் முன்பு சொன்ன அமெரிக்கப் பாடத்திலேயே இதற்கும் ஒரு பகுதி உண்டு. கட்டாயத் தரையிறக்கத்தில் விமானியைத் தடுக்கிற மூன்று மனநிலைகளைச் சொல்கிறது: நிலைமையை ஒப்புக்கொள்ள மறுப்பது, விமானத்தைக் காப்பாற்ற ஆசைப்படுவது, அடிபட்டுவிடுமோ என்று அளவுக்கு மீறிப் பயப்படுவது. இதில் நடுவில் இருப்பதுதான் என் கண்ணுக்கு மிக மோசமானது. இன்ஜின் நின்ற கணத்திலேயே அந்த விமானம் உங்களுடையதல்ல என்று நினைத்துவிட வேண்டும். இறக்கை, சக்கரம், மூக்கு எல்லாமே உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற நசுங்க வேண்டிய பொருட்கள். வேறு வழியே இல்லாமல் மரங்களுக்குள் இறங்க நேர்ந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே உடலை விட்டு இறக்கைகள் மோதிப் பிய்யும்படி போகச் சொல்வது அதனால்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரே சீராக நிற்க 3 மீட்டருக்கும் குறைவான தூரம் கிடைத்தால்கூட உடலின்மேல் வருகிற விசை 9 ஜி, அதாவது உடல் எடையைப் போல ஒன்பது மடங்கு அளவில்தான் இருக்கும், பெல்ட் கட்டியிருந்தால் மனித உடல் தாங்கிவிடும். 160 கிலோமீட்டரில் வந்தால் அதே விசைக்கு 11 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகத்தைக் குறைத்து, விமானத்தைக் கட்டுப்பாட்டிலேயே வைத்து, நிற்கிற வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனால், மோசமான இடத்தில்கூடப் பிழைத்துவிடலாம். கட்டுப்பாடு இழந்து விழுந்தால் நல்ல இடத்திலும் பிழைக்க முடியாது.

பெல்ட் என்றதும் இன்னொன்று. 2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய ரயன் பயிற்சி விமானத்தில், சாண்டா மோனிகாவில் புறப்பட்டதுமே இன்ஜின் சக்தி இழந்தது, அவர் பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். கார்புரேட்டருக்குள் ஒரு சிறிய ஜெட் திருகு கழன்று எரிபொருள் தாறுமாறாகப் போனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அவருக்குக் காயம் பலமாகப் பட்டதற்குத் தோள் பெல்ட் பொருத்திய இடம் போதிய வலுவோடு இல்லாததும் ஒரு காரணம் என்று அதே அறிக்கை சொன்னது. இன்ஜினை நாம் எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பராமரித்தாலும் என்றாவது ஒரு திருகு கழலும். அன்றைக்கு உயிரைப் பிடித்து வைப்பது அந்த நாலு விரல் அகலத் துணிப்பட்டை. சிறிய விமானத்தில் பயணியாக ஏறும் உங்கள் வாசகர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: தோள் பெல்ட்டையும் கட்டுங்கள், கதவு எப்படித் திறக்கும் என்று ஏறும்போதே ஒரு தடவை திறந்து பாருங்கள், கோளாறு என்று விமானி சொன்னால் கண்ணாடியையும் சட்டைப்பை பேனாவையும் எடுத்துவிட்டு முகத்துக்கு முன்னால் மடித்த ஜாக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் உயிர்காப்புச் சட்டையை வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால் மேற்கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது.

விமானம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அவசர இருப்பிடக் கருவி இன்னும் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் அனுப்புகிற வகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை, 406-ஐ மட்டும்தான் கேட்கின்றன. நல்லபடியாக வயலில் இறங்கிவிட்டு, ஆள் வராமல் இரவெல்லாம் கிடக்கக்கூடாது.

இன்ஜின் போகும் சம்பவங்களில் கணிசமானவை உடைந்த பாகத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டாங்க் காலி, அல்லது ஒரு டாங்க்கில் எரிபொருள் இருக்க மற்றொன்றில் குமிழை வைத்திருப்பது, அல்லது எரிபொருளில் தண்ணீர். அவை விமானியின் தவறுகள்தான், அங்கே கேள்வி கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். புறப்படும் முன் டாங்க்கின் அடியிலிருந்து எரிபொருள் பிடித்துப் பார்த்தாரா? குச்சி விட்டு அளந்தாரா? எந்த உயரத்துக்குக் கீழே இன்ஜின் போனால் நேராக முன்னால் இறங்குவேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாரா? இந்தக் கடைசி ஒன்றை நான் ஒவ்வொரு தடவையும் ஓடுதளத்தின் முனையில் நின்று சத்தமாகச் சொல்ல வைப்பேன். முன்னாலும், இடம் வலம் முப்பது டிகிரிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். தரையில் இருக்கும்போதே முடிவெடுத்துவிட்டால், 300 அடியில் அந்த 4 விநாடியில் முடிவெடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை ஒவ்வொருவரும் தன் விமானத்தில், பத்திரமான உயரத்தில், பயிற்றுநரோடு செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொருவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளக்கூடாது.

போன வாரம் வயலில் இறங்கிய அந்த விமானியை எனக்குத் தெரியாது. அவருடைய இன்ஜினுக்கு என்ன ஆனது என்பது விசாரணையில் வரட்டும், தவறு இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் செய்தியில் இருக்கிற விவரத்தை வைத்துப் பார்த்தால் அவர் திரும்பவில்லை, நேராகப் போனார், கம்பிக்கு மேலாக வந்தார், சக்கரம் உடைந்தது, இரண்டு பேர் நடந்து வந்தார்கள். அவர் இந்தக் கடிதத்தைப் படிப்பாரோ இல்லையோ, நேற்று வகுப்பில் என் மாணவி ஒருத்தி உங்கள் செய்தியைக் கொண்டுவந்து காட்டி, "சார், இவர் திரும்பியிருக்கணுமா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்று சொல்லிப் பலகையில் அந்த 79 விநாடிக் கணக்கை மறுபடியும் போட்டேன். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் "அவசரமாகத் தரையிறக்கினார்" என்று தலைப்புப் போடுங்கள், அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பயிற்றுநர் ஒருவர்